பயணப்படி: 765 லிவ்ர்

மேதகு ஆயர் பியேர் கோஷோன் கணக்கு வழக்கில் கறாரானவர். 1430 மே முதல் தேதி தொடங்கி செப்டம்பர் கடைசி வரை அரசு வேலையாக அலைந்தார். கலே துறைமுகம், ஃபிளாண்டர்ஸ், கொம்பியேன் முற்றுகைப் பாசறை, போர்வுவார் கோட்டை என்று மொத்தம் 153 நாள். நாளுக்கு ஐந்து லிவ்ர் வீதம் 765 லிவ்ர் வரவாயிற்று என்று கையெழுத்திட்டு ரசீது கொடுத்தார். என்ன வேலை என்பதும் அதில் எழுதியிருக்கிறது: அரசரின் இதர அலுவல்களோடு, 'கன்னி' எனப்படும் ஜோன் என்பவள் சம்பந்தப்பட்ட வேலை. பச்சையாகச் சொன்னால், ஒரு பெண்ணை விலை பேசி வாங்கும் வேலை.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் பேதுரு கரைக்கு இழுத்த வலையில் 153 பெரிய மீன்கள் இருந்தன. திருத்தூதர்களின் வாரிசு ஒருவர் 153 நாள் வலை வீசி, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைப் பிடித்தார். யூதாஸ்கூட வாங்கிய காசைக் கோயிலில் விட்டெறிந்துவிட்டுப் போனான். ரசீது எழுதித் தரும் அளவுக்கு அவனுக்கு நிதானம் போதவில்லை.

இந்த ஆயரை அரக்கனாகக் காட்டுவது சுலபம். நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் அதைத் திருப்தியாகச் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அரக்கன் என்று எழுதிவிட்டால் அவருக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்றாகிவிடும். கோஷோன் நல்ல அதிகாரி. படித்தவர், சோர்வறியாதவர், கோப்பில் ஒரு தாள் விடுபடாமல் பார்த்துக்கொள்பவர், மேலிடம் நினைப்பதை அது வாய் திறப்பதற்குள் செய்து முடிப்பவர். இப்படிப்பட்டவருக்குப் பதவி உயர்வு கிடைக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

ரெய்ம்ஸ் பக்கத்துக் குடும்பம். 1371 வாக்கில் பிறந்து, பாரிஸ் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் படித்து, 1403இல் அதற்கே ரெக்டர் ஆனார். அன்றைய பாரிஸ் பல்கலைக்கழகத்தை லேசாக நினைத்துவிடக் கூடாது. ரோமில் ஒரு பாப்பரசரும் அவிஞ்ஞோனில் ஒரு பாப்பரசரும் உட்கார்ந்து ஒருவரையொருவர் சபித்துக்கொண்டிருந்த காலம் அது. உண்மையான பாப்பரசர் யார், அவருக்கு எப்போது கீழ்ப்படியலாம், எப்போது கீழ்ப்படியாமல் இருக்கலாம் என்று உலகத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பேராசிரியர்கள். கீழ்ப்படிதலுக்கு இத்தனை விலக்கு கண்டுபிடித்த கூட்டம், பின்னால் ஒரு குடியானவன் மகளிடம் திருச்சபைக்குக் கீழ்ப்படிகிறாயா இல்லையா என்று மாதக்கணக்கில் கேட்டுக் குடைந்தது.

நாட்டு அரசரான ஆறாம் சார்லஸுக்கோ புத்தி பேதலித்திருந்தது. அரசைக் கையில் பிடிக்க இரண்டு கட்சிகள் அடித்துக்கொண்டன. 1407இல் பர்கண்டி டியூக் ஜான் (அவருக்குப் பட்டமே 'அஞ்சாதவர்'), அரசரின் உடன்பிறந்த தம்பியான ஓர்லியான் டியூக்கைப் பாரிஸ் தெருவில் ஆள் வைத்து வெட்டிக் கொன்றார். செய்ததை ஒப்புக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். கொடுங்கோலனைக் கொன்றது பாவமே இல்லை, புண்ணியம் என்று நிறுவ ழான் பெத்தி என்ற இறையியல் வல்லுநரையும் பிடித்தார். அந்த வாதம் பின்னர் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் விசாரணைக்கு வந்தபோது, பர்கண்டியின் தூதராகப் போய் அதைக் காக்க நின்றவர் நம் கோஷோன். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் நடுத்தெருவில் வெட்டினால் கொலையாகாது என்று வாதாடப் போன அதே சட்ட வல்லுநர்தான், ஒரு பெண் ஆண் உடுப்பு உடுத்தினால் உயிரையே எடுக்கலாம் என்று பின்னாளில் கண்டுபிடித்தார்.

இடையில் ஒரு சறுக்கல். 1413இல் பாரிஸின் இறைச்சி வெட்டுபவர்கள் கபோஷ் என்பவன் தலைமையில் பர்கண்டிக்காகக் கிளர்ச்சி செய்தார்கள். கோஷோன் அந்தப் பக்கம் நின்றார். கிளர்ச்சி தோற்றது, இவரையும் நகரத்தை விட்டு விரட்டினார்கள். விசுவாசத்துக்காக அடிபட்டவரைக் கட்சி கைவிடவில்லை. 1420 மே மாதம் த்ரூவா ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்சின் இளவரசரை ஒதுக்கிவிட்டு இங்கிலாந்து அரசரை வாரிசாக்கிய ஒப்பந்தம். அதற்காக ஓடியாடி உழைத்தவர்களில் இவரும் உண்டு. ஆகஸ்டில் பொவே மறைமாவட்டம் இவர் கைக்கு வந்தது. மூன்று மாதம்தான் இடைவெளி. பொவே ஆயர் என்றால் ஆயர் மட்டுமில்லை. அந்தப் பகுதிக்குக் கோமகன், பிரான்சின் பன்னிரு பெருமக்களில் ஒருவர். பதவியேற்புக்குப் பர்கண்டியின் புதிய டியூக் பிலிப் நேரில் வந்து உட்கார்ந்தார். திருநிலைப்பாட்டில் தூய ஆவி இறங்கினாரா என்று பதிவில் இல்லை. டியூக் வந்தது பதிவில் இருக்கிறது.

ஒன்பது ஆண்டு எல்லாம் சீராக ஓடியது. 1429இல் தொம்ரெமி என்ற கிராமத்துப் பெண் ஜோன், தெய்வக் குரல்கள் தன்னை ஏவியதாகச் சொல்லி, கவசம் மாட்டிக்கொண்டு வந்து ஓர்லியான் முற்றுகையை உடைத்தாள். ஜூலையில், ஒதுக்கப்பட்ட இளவரசரை ரெய்ம்ஸ் பேராலயத்துக்கே அழைத்துப் போய் ஏழாம் சார்லஸ் என்று முடிசூட வைத்தாள். ஊர் ஊராகக் கதவு திறந்தது. ஆகஸ்டில் பொவேயும் திறந்தது. மந்தை அந்தப் பக்கம் போயிற்று, மேய்ப்பர் இந்தப் பக்கம் ஓடினார். ஆயருக்கு மறைமாவட்டம் போயிற்று, கோமகனுக்கு வருமானம் போயிற்று. ஜோனுக்குக் கேட்ட குரல்கள் வானத்திலிருந்து வந்தனவா, பாதாளத்திலிருந்து வந்தனவா என்ற இறையியல் கேள்வி ஆயருக்கு அந்த மாதத்தில் எழுந்திருந்தால் அதை நாம் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

1430 மே 23 அன்று கொம்பியேன் நகருக்கு வெளியே ஜோனைக் குதிரையிலிருந்து இழுத்துப் போட்டுப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் லக்சம்பர்க் ஜான் என்ற பிரபுவின் ஆட்கள். பிரபுவுக்குப் பணம் வேண்டும், இங்கிலாந்துக்கு அவள் வேண்டும், நடுவில் பேரம் பேச ஒருவர் வேண்டும். 10,000 லிவ்ருக்குப் பேசி முடித்தார் ஆயர். பணம் எங்கிருந்து? நார்மண்டி மக்களிடமிருந்துதான். அந்த ஆண்டு நார்மண்டியில் விதித்த 1,20,000 லிவ்ர் வரியில் 10,000 இவளுக்கான விலை என்று குறித்து ஒதுக்கினார்கள். ரூவான் நகரத்து ரொட்டிக்காரனும் கொல்லனும் கொடுத்த காசில் அவளை வாங்கி, அவர்கள் கண்ணெதிரிலேயே அவளை எரித்தார்கள்.

சாதாரணமாகக் கொன்றிருக்கலாமே, எதற்கு விசாரணை? நல்ல அதிகாரிக்கும் வெறும் கொலைகாரனுக்கும் வித்தியாசம் இங்கேதான். கொன்றால் அவள் வீராங்கனையாகிவிடுவாள், சார்லஸின் மகுடம் தலையிலேயே இருக்கும். பதிதை என்று, திருச்சபையை விட்டு விலகிப் பேய் பேச்சைக் கேட்டவள் என்று தீர்ப்பு வாங்கினால், சார்லஸுக்கு முடிசூட்டியது பேய் என்றாகும். ஆக, தீர்ப்பு தயார். அதற்கு ஒரு விசாரணைதான் வேண்டியிருந்தது.

எந்த அதிகாரத்தில் விசாரிப்பது? பிடிபட்ட இடம் என் மறைமாவட்ட எல்லைக்குள் வருகிறது என்றார் கோஷோன். தன்னைத் துரத்திய மறைமாவட்டத்துக்குள் அவரால் காலெடுத்து வைக்க முடியாது. அதிகாரம் மட்டும் அங்கிருந்து கிளம்பி நார்மண்டியின் தலைநகர் ரூவான் வரை வந்தது. ரூவானில் பேராயர் இருக்கை காலி. எனவே பேராலயக் குருக்கள் மன்றத்திடம் இடம் கேட்டு அனுமதி பெற்றார். சட்டப்படி எல்லாம் சரி. 1431 ஜனவரி 9 அன்று வழக்குத் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். பாரிஸிலிருந்து வந்த பேராசிரியர்களுக்கு நாளுக்கு ஒரு லிவ்ர். ஆயரின் பேட்டாவில் ஐந்தில் ஒரு பங்கு. பதவிக்கேற்ற தினப்படி, அதுவும் சரி.

அவளைப் பற்றித் துப்பு விசாரிக்கத் தொம்ரெமிக்கு ஆள் போயிற்று. போனவர் திரும்பி வந்து, என் சொந்தத் தங்கையிடம் இருக்கக் கூடாது என்று நான் நினைக்கும்படியான எதுவும் அந்தப் பெண்ணிடம் இல்லை என்றார். ஆயர் அவரைத் துரோகி என்று திட்டி, பேசிய கூலியையும் கொடுக்க மறுத்துவிட்டார் என்று பின்னாளில் ஒரு சாட்சி சொன்னார். கூலிக்குத் தகவல் வாங்கப் போனவன் உண்மையை வாங்கி வந்தால் ஆடிட்டர் எப்படி ஒப்புக்கொள்வார்? அடுத்து, 'கன்னி' என்கிறாளே, பரிசோதியுங்கள் என்றார்கள். ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதியின் மனைவி பெட்ஃபோர்ட் சீமாட்டியின் பொறுப்பில் பெண்கள் பரிசோதித்தார்கள். கன்னிதான். அந்த முடிவு வழக்குக் கட்டில் ஏறவில்லை. கோப்பில் ஒரு தாள் விடுபடாமல் பார்த்துக்கொள்பவர் என்று மேலே சொன்னேன். எந்தத் தாள் கோப்புக்குள் வர வேண்டும் என்பதிலும் அவர் அவ்வளவே கவனமானவர்.

திருச்சபை வழக்கில் பிடிபட்ட பெண்ணைத் திருச்சபைச் சிறையில், பெண்கள் காவலில் வைக்க வேண்டும் என்பது முறை. ஜோனைக் கோட்டைக்குள் காலில் விலங்கு பூட்டி, ஆங்கிலேயச் சிப்பாய்களின் காவலில் போட்டார்கள். அவர்களில் சிலர் இரவிலும் அவள் அறைக்குள்ளேயே இருந்தார்கள். அவள் ஆண் உடுப்பைக் கழற்ற மறுத்ததற்கு இதைவிட வேறு இறையியல் காரணம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். அதே கோட்டையில்தான் அப்போது ஒன்பது வயது அரசர் ஆறாம் ஹென்றியும் தங்கியிருந்தார். யாருடைய பெயரால் இத்தனையும் நடந்ததோ அந்தக் குழந்தைக்குக் காவல் ஒரு பக்கம், இவளுக்குக் காவல் இன்னொரு பக்கம்.

கெண்டை மீன் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கைதிக்கு ஆயர் அன்போடு ஒரு கெண்டை அனுப்பினார். தின்றவளுக்கு வாந்தியும் காய்ச்சலும். மருத்துவர்கள் ஓடி வந்தார்கள். ஆயர் அனுப்பிய மீன்தான் காரணமோ என்று அவள் சொல்ல, வழக்கு நடத்துநர் தெஸ்திவே அவளை வேசி என்று திட்டினார், காய்ச்சல் மறுபடி ஏறியது. ஆங்கிலேயரான வார்விக் பிரபு மருத்துவர்களிடம் கவலையோடு சொன்னாராம்: எப்படியாவது காப்பாற்றுங்கள், அரசர் இவளை அதிக விலை கொடுத்து வாங்கியிருக்கிறார், இவள் இயற்கையாகச் சாவதை அவர் எந்த விலைக்கும் விரும்பமாட்டார், நீதியின் கையால் எரிந்தே சாக வேண்டும். சாட்சியம் சொன்னவர் அந்த மருத்துவர்களில் ஒருவரே. பலிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்கு வைத்தியம் பார்ப்பதைப் போல நாடி பிடித்துப் பார்த்து, ரத்தம் எடுத்து, அவளைத் தேற்றினார்கள். நீதிமன்றத்துக்கு அவள் நல்ல உடல்நிலையில் ஆஜராக வேண்டுமல்லவா.

கேள்விகளைப் பாருங்கள். மிக்கேல் சம்மனசு உனக்குக் காட்சி கொடுத்தபோது உடுப்பில்லாமல் இருந்தாரா என்று கேட்டார்கள். ஆண்டவரிடம் அவருக்கு உடுத்தத் துணி இல்லையென்று நினைக்கிறீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். நீ தேவ இஷ்டப்பிரசாதத்தில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். ஆம் என்றால் அகங்காரம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். அங்கே உட்கார்ந்திருந்த அறிஞர்களில் ஒருவரே இது கேட்கத் தகாத கேள்வி என்று முனகினார். வாயை மூடிக்கொண்டிருப்பது உமக்கு நல்லது என்று ஆயரிடமிருந்து பதில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஜோன், இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருக்கிறேன் என்றால் அதிலேயே வைப்பாராக என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். நாளுக்கு ஒரு லிவ்ர் வாங்கியவர்கள் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுத்துப் பேசியவர்களும் இருந்தார்கள், சொல்லாவிட்டால் பாவம். ழான் லோயே என்ற நார்மண்டிச் சட்ட வல்லுநரிடம் கோப்பைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். கோட்டைக்குள் அடைத்து நடத்துகிறீர்கள், யாரும் சுதந்திரமாகப் பேச முடியவில்லை, அவளுக்கு வழக்கறிஞர் இல்லை, இந்த வழக்கு செல்லாது என்றார் அவர். சொல்லிவிட்டு ரூவானை விட்டே போய்விட்டார். ரோமுக்குப் போய்த் திருத்தந்தையின் நீதிமன்றத்தில் பெரிய பதவிக்கு வந்தார். நிக்கோலாஸ் தெ ஊப்வில் என்பவர் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: எதிர்க்கட்சிக்காரர் எப்படி நீதிபதி ஆக முடியும்? இவளைப் பொவாட்டியே நகரில் ஏற்கெனவே சோதித்து குறை இல்லை என்று அனுப்பியது ரெய்ம்ஸ் பேராயர்; அவர் உங்களுக்கு மேலதிகாரி ஆயிற்றே? பதிலாக அவருக்குச் சிறை. திருத்தந்தையிடம் முறையிடுகிறேன் என்று ஜோன் கேட்டதையும் எழுத விடவில்லை என்று சாட்சிகள் சொல்கிறார்கள். எனக்கு எதிரானதை எழுதுகிறீர்கள், எனக்குச் சாதகமானதை எழுத மாட்டேன் என்கிறீர்கள் என்று அவள் குறைப்பட்டாளாம்.

மே மாதம் கோட்டைக் கோபுரத்துக்கு அழைத்துப்போய்ச் சித்திரவதைக் கருவிகளைக் காட்டினார்கள். அவள் அசையவில்லை. மூன்று நாள் கழித்து ஆயர் வீட்டில் கூடி வாக்கெடுத்தார்கள். சித்திரவதை செய்யலாம் என்றவர்கள் மூன்றே பேர். பெரும்பான்மை கருணையுள்ளது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வேண்டாம் என்று சொன்ன ஒருவர் கொடுத்த காரணம்: இவ்வளவு அழகாக நடத்தி வந்த வழக்குக்குக் கெட்ட பெயர் வந்துவிடும். எனக்கு இந்த ஒரு வாக்குப் போதும், மொத்த மன்றத்தையும் புரிந்துகொள்ள. அவளுடைய எலும்பைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை; வழக்குக் கட்டு கசங்கிவிடக் கூடாது.

மே 24 அன்று செயின்ட் ஊவான் கல்லறைத் தோட்டத்தில் மேடை போட்டு, எரியூட்டுவோம் என்று மிரட்டி, ஒரு தாளில் அவளைக் குறியிட வைத்தார்கள். கூட இருந்தவர்கள் ஆறேழு வரிதான் இருந்தது என்றார்கள். கோப்பில் உள்ள மன்னிப்பு வாக்குமூலமோ நீள நெடுகப் போகிறது. கையெழுத்து வாங்கிய பிறகு தாள் வளர்வது பிரான்சில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை. ஆயுள் சிறை என்று தீர்ப்பு. இனியாவது திருச்சபைச் சிறைக்கு அனுப்புவார்கள் என்று அவள் நம்பினாள். எங்கிருந்து கொண்டுவந்தீர்களோ அங்கேயே கொண்டுபோங்கள் என்றார் ஆயர். அதே கோட்டை, அதே சிப்பாய்கள். நான்கே நாளில் அவள் மறுபடி ஆண் உடுப்பில் இருந்தாள். திருந்தியபின் மீண்டும் விழுந்தவளுக்குச் சட்டத்தில் நெருப்பு மட்டும்தான் உண்டு. வெளியே காத்திருந்த வார்விக் பிரபுவிடம் ஆயர் சிரித்துக்கொண்டே, மகிழ்ச்சியாக இருங்கள், காரியம் முடிந்தது என்று சொன்னதைக் காதால் கேட்டதாகத் துறவி ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார்.

மே 30 காலையில் இன்னொன்று நடந்தது. என் கோபமெல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. அவள் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை கேட்டாள். மனந்திரும்பாத பதிதைக்கு, திருச்சபையிலிருந்து வெட்டி எறியப்படப் போகிறவளுக்கு, நற்கருணை கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கேட்டு ஆள் அனுப்பினார்கள். அவள் கேட்பதைக் கொடுங்கள் என்றார் சட்டம் படித்த ஆயர். அவள் மனந்திரும்பாத பதிதை என்று அவர் நம்பியிருந்தால், தெரிந்தே ஆண்டவருடைய உடலை நிந்தைக்குக் கொடுத்தார். நம்பவில்லை என்றால், தெரிந்தே ஒரு கிறிஸ்தவப் பெண்ணை எரித்தார். மூன்றாவது வழி கிடையாது. பெர்னார்ட் ஷா தன் நாடகத்தில் இவரை நேர்மையாக நம்பிச் செயல்பட்டவராகக் காட்டினார். ஷா பெரிய எழுத்தாளர். இந்த ஒரு காலைப் பொழுதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார் என்று கேட்க ஆசை.

பழைய சந்தைத் திடலில் ஆயர் தீர்ப்பை வாசித்தார். திருச்சபை ரத்தம் சிந்தாது. எனவே அவளை உலக அதிகாரத்திடம் ஒப்படைத்து, தயவோடு நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. உலக அதிகாரம் தன் பங்குக்கு ஒரு தீர்ப்பு சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் பொறுமை இல்லை. கொண்டுபோ என்று கை காட்டியதோடு சரி. சட்டம் சட்டம் என்று ஐந்து மாதம் இழுத்த வழக்கில், எரிப்பதற்கென்று ஒரு முறையான உத்தரவு கடைசிவரை இல்லை. சாம்பலைச் சேன் ஆற்றில் கொட்டினார்கள். அன்று காலையில் ஆயரைப் பார்த்து, உம்மால்தான் சாகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்கு மேதகு ஆயர், நீ வாக்குக் காப்பாற்றவில்லை என்று அறிவுரை சொன்னாராம்.

ஜூன் 12 அன்று வழக்கில் பங்கெடுத்த எல்லோருக்கும் அரசர் பெயரில் ஒரு காப்புக் கடிதம் வந்தது: இதற்காக உங்களை யாராவது, பாப்பரசரோ பொதுச்சங்கமோ, கேள்வி கேட்டால் செலவையும் பொறுப்பையும் அரசு ஏற்கும். நியாயமாகத் தீர்ப்புச் சொன்னவர்களுக்கு இத்தனை சீக்கிரம் ஜாமீன் எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வழக்கை எழுதிய நோட்டரி மான்ஷோன், தனக்குக் கிடைத்த கூலியின் ஒரு பகுதியில் அவள் ஆன்மாவுக்காக ஜெபிக்க ஒரு பூசைப் புத்தகம் வாங்கினார். அவரை நான் திட்டமாட்டேன். அந்த ஊரில் அந்தப் பணத்தைத் தொட்டுக் கை சுட்டவர் அவர் ஒருவராவது இருந்தார்.

ஆயர் எதிர்பார்த்தது ரூவான் பேராயர் பதவி. கிடைத்தது லிசியே மறைமாவட்டம், 1432இல். எதிர்பார்த்ததில் பாதி கிடைத்த அதிகாரியின் சலிப்போடு இன்னும் பத்தாண்டு உழைத்தார். பாசல் சங்கம், அரா மாநாடு என்று. 1436இல் பாரிஸ் சார்லஸ் கைக்குப் போனபோது அங்கிருந்தும் கிளம்ப நேர்ந்தது. 1442 டிசம்பரில் ரூவானில், முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. நாற்காலியில், வெந்நீரும் துண்டும் பக்கத்தில் இருக்க, ஒரு நொடியில்.

எதிர்த் தரப்பும் ஒழுங்கில்லை. அவளால் மகுடம் பெற்ற ஏழாம் சார்லஸ், அவளை மீட்க ஒரு காசு கொடுக்க முன்வந்ததாகப் பதிவு இல்லை. பொவாட்டியேயில் அவளைச் சோதித்து அனுப்பிய அதே ரெய்ம்ஸ் பேராயர், அவள் பிடிபட்டதும் ரெய்ம்ஸ் மக்களுக்குக் கடிதம் போட்டார்: யார் பேச்சையும் கேட்காமல் தன்னிஷ்டப்படி நடந்தாள், கர்வத்துக்குக் கிடைத்த கூலி, கவலைப்படாதீர்கள், இப்போது ஓர் இடைப்பையன் வந்திருக்கிறான். ஒருத்தி போனால் இன்னொருவன். இரண்டு பக்கத்து ஆயர்களும் ஒரே குருமடத்தில் படித்தவர்கள் போலத்தான் பேசினார்கள்.

1449இல் ரூவான் சார்லஸ் கைக்கு வந்தது. வழக்குக் கட்டும் கூடவே வந்தது. தனக்கு முடிசூட்டியவள் பேய் பிடித்தவள் என்று பத்திரம் இருப்பது அரசருக்குச் சங்கடம். மறு விசாரணை தொடங்கியது. ஜோனின் தாய் இசபெல் முறையிட, 1455 நவம்பரில் பாரிஸில் மன்றம் கூடியது. தலைமை வகித்த பேராயர் ழுவெனால், கோஷோனுக்கு அடுத்து பொவேயில் ஆயராக இருந்தவர். சாட்சிகளாக வந்தவர்களில் பலர் முன்பு நீதிபதிகளோடு அமர்ந்தவர்கள். எல்லோரும் ஒரே பதில்: பயந்தோம். ஆயர் கெட்டவர், ஆங்கிலேயர் கொடியவர், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சித்திரவதைக்கு வாக்களித்த மூவரில் ஒருவரான தோமா தெ கூர்செல் வந்து நின்றார்; ஞாபகமில்லை என்றார். வழக்கை லத்தீனில் எழுதியபோது பல இடங்களில் தன் பெயரையே கவனமாக விட்டுவிட்டவர் அவர். 1461இல் ஏழாம் சார்லஸ் இறந்தபோது அடக்கத் திருப்பலியில் மறையுரை ஆற்றும் கௌரவம் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? அதே கூர்செலுக்கு. கோஷோன் இருபது ஆண்டு தள்ளிச் செத்திருந்தால் அவரும் முன் வரிசையில் இருந்திருப்பார்.

1456 ஜூலை 7 அன்று பழைய தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தார்கள். 1920இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவளைப் புனிதை என்று பிரகடனம் செய்தார். வத்திக்கானும் பிரெஞ்சு அரசும் உறவைப் புதுப்பிக்கப் பேசிக்கொண்டிருந்த நேரம். அதில் வேதசாட்சி என்ற பட்டம் இல்லை, கன்னியர் வரிசையில்தான் சேர்த்தார்கள். வேதசாட்சி என்றால், கொன்றது யார் என்ற கேள்வி வரும். புதுச்சேரி டூமா வீதியில் கப்ஸ் கோயிலுக்கு முன்னால் பளிங்கில் கொடி பிடித்து நிற்கிறாளே, அவள்தான் இவள். மாலையில் அங்கே படம் எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று, இவளை எரித்தது யார் என்று கேட்டுக்கொள்ளலாம்.

கோஷோன் இன்றும் லிசியே பேராலயத்தில், தன் காலத்தில் தானே திருத்தி எழுப்பிய மாதா சிற்றாலயத்தில்தான் இருக்கிறார். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் படம் மாட்டியிருக்கும் குழந்தை தெரேசம்மாளின் லிசியேதான் அது. சிறு வயதில் அவள் பூசை கண்ட பேராலயமும் அதுவே. ஜோன் மேல் உயிரையே வைத்திருந்த தெரேசா, மடத்துக்குள் ஜோனைப் பற்றி நாடகம் எழுதி, தானே ஜோன் வேடமும் போட்டாள்.

மறு விசாரணைக்குக் கோஷோனின் வாரிசுகளுக்கும் அழைப்பாணை போயிற்று. அவர்கள் பதில் எழுதி அனுப்பினார்கள்: அந்த வழக்கைக் காத்து நிற்க எங்களுக்கு ஆர்வமில்லை, அது நடந்தபோது நாங்கள் பிறக்கவில்லை, அல்லது சிறு குழந்தைகள், கேள்விப்பட்டவரை அவள் நல்ல பெண்தான், ஆனால் நார்மண்டியைக் கைப்பற்றியபோது அரசர் அளித்த பொது மன்னிப்பின்படி எங்கள் சொத்துக்கு எந்தப் பாதகமும் வரக் கூடாது. வரவில்லை. 1456 தீர்ப்பில் யாருக்கும் ஒரு காசு அபராதம்கூட இல்லை. 765 லிவ்ரை யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை.